மூன்றாவதாகக் குதிக்க வேண்டியவள்

பதினேழு வயதில் எனக்கு வானத்திலிருந்து குதிக்க ஆசை வந்தது. சிவகாசிக்காரர்களுக்கு வானம் ஒன்றும் புதிதில்லை. நாங்கள் செய்கிற சாமான்களில் பாதி மேலே போவதற்கென்றே பிறந்தவை. ஆனால் மேலே போனது என்ன ஆயிற்று என்று எங்கள் ஊரில் யாரும் விசாரித்ததில்லை. போனால் போனதுதான். அதனால் ஒரு பெண்பிள்ளை தானே மேலே போய், அங்கிருந்து பத்திரமாகத் திரும்பியும் வருவேன் என்று சொன்னபோது, தொழில் தெரியாதவள் பேச்சாகத்தான் அப்பா அதை எடுத்துக்கொண்டார்.

ஆசையை மூட்டிவிட்டது பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர். பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரத்தில் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் ஓடுதளத்தில் பத்து நாள் ஸ்கைடைவிங் பயிற்சி. விளையாட்டில் பெயர் வாங்கிய சில பிள்ளைகளுக்குச் செலவு கிடையாது. நான் உயரம் தாண்டுவதில் மாவட்டத்தில் இரண்டாவது. "கீழேருந்து மேல குதிக்கிறதே உனக்கு வருது. மேலேருந்து கீழ குதிக்கிறதுக்கு என்ன வந்துச்சு?" என்றார் டீச்சர். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு மாடியில் துணி காயப்போடப் போனால் கீழே வர மனம் வராது. பதினொரு மணி வாக்கில் ஒரு விமானம் மதுரைப் பக்கம் போகும். அது கண்ணுக்கு மறைகிறவரை ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்பேன். நெஞ்சுக்குள் யாரோ கயிறு கட்டி மேலே இழுக்கிற மாதிரி இருக்கும். "ஏட்டி, அங்கன துணி காயுதா, நீ காயுறியா?" என்று அம்மா கீழிருந்து கத்துவாள்.

தாளில் இரண்டு நிபந்தனை போட்டிருந்தது. பதினெட்டு முடியாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பெண்பிள்ளைகளோடு வீட்டிலிருந்து ஒரு பெண் வந்து தங்க வேண்டும்.

அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்று சொன்னால் அது எங்கள் வீட்டில் நல்ல செய்தி. அவர் அந்தத் தாளை வாங்கி முன்பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தார். "உயிருக்கோ உடலுக்கோ நேரும் எந்தச் சேதத்துக்கும் முகாம் பொறுப்பல்ல" என்ற வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"இருபது வருசமா என் ரூமுல ஒரு பிள்ளைக்குச் சுண்டுவிரல்ல காயம் பட்டதில்ல. எம்பிள்ளைய நானே கையெழுத்துப் போட்டு மேலேருந்து தள்ளிவிடவா? நல்லா இருக்கே கதை!" என்றார்.

அம்மா வாயால் அப்பா பக்கமும் முகத்தால் என் பக்கமும் நின்றாள். அதனால் யாருக்கும் பயனில்லை. நான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் சித்திதான் அப்பாவிடம் பேச்செடுத்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்தாள். அப்பா வேலை பார்த்த அதே கம்பெனியில், வெடிமருந்துப் பக்கமே போகாத காகிதப் பிரிவில் அவளுக்கு வேலை. மேலே போய் வெடித்ததும் ஒளியைத் தூக்கிக்கொண்டு மெல்ல இறங்குமே, சின்னப் பாராசூட், அதை அவள்தான் செய்வாள். மெல்லிய தாளை வெட்டி, எட்டு நூல் கட்டி, இரண்டு விரல் இடத்துக்குள் அடங்குகிற மாதிரி மடிப்பாள். அப்போது அவளுக்கு முப்பத்தோரு வயது. எனக்கு அது கிழட்டு வயதாகத் தெரிந்தது. வீட்டிலும் மாப்பிள்ளை பார்க்கிற வேகம் குறைந்திருந்தது. சித்தி பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அம்மா சொல்லி நம்பாத சேதியைக்கூட அப்பா அவளிடம் ஒருதடவை கேட்டுச் சரிபார்த்துக்கொள்வார்.

"குடை விரியலேன்னா?" என்று அப்பா அவளிடம் கேட்டார்.

"ரெண்டாவது குடை ஒண்ணு முதுகுலயே இருக்காம் அத்தான்."

"அதுவும் விரியலேன்னா?"

"அதை அவுக தெனமும் அவுத்துப் பாத்து மடிக்கிறாகளாம். மடிச்ச ஆளு கையெழுத்துப் போடணுமாம். கூட ஒரு பொம்பள வேணும்னு போட்டிருக்குல்ல, நான் போறேன். நீங்க பயப்படாதீக. நடந்தத நடந்தபடி தெனமும் போன்ல சொல்றேன்."

அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அம்மா உடனே இருக்கன்குடி மாரியம்மன் திருநீற்றைப் பொட்டலம் கட்டினாள். நான் கூத்தாடினேன். ரெண்டாவது குடை, மடித்தவர் கையெழுத்து எல்லாம் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தவை. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை. சித்தி எதற்காக அத்தனையையும் படித்து வைத்தாள் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. அப்பா என்னோடு ஒரு சிசிடிவி கேமராவை அனுப்பிவைக்கிறார் என்ற எரிச்சல்தான் இருந்தது.

முகாம் என்றால் ஒரு பொட்டல், தகரக் கூரை போட்ட இரண்டு கொட்டகை, ஒரு குட்டி விமானம். பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். எல்லோரும் மாஸ்டர் என்றோம். மொத்தம் ஒன்பது பேர் வந்திருந்தோம். முதல் ஏழு நாளும் தரையில்தான் பாடம். ஆள் உயர மேடையிலிருந்து குதித்து, இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி, முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் உருள வேண்டும். கையை விரித்து, முதுகை வளைத்து, ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் அண்ணாந்து பாராசூட் விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனவில்கூட ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

துணைக்கு வந்தவர்கள் வேப்பமரத்து நிழலில் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். சித்தி மட்டும் வேலிக் கம்பியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வேவு பார்க்கிறாள் என்று நான் பல்லைக் கடிப்பேன். காலையில் எங்களுக்கு எடை பார்ப்பார்கள். நாங்கள் இறங்கியதும் அவளும் ஏறி நின்று பார்த்தாள். "உனக்கு எதுக்கு சித்தி?" என்றேன். "ஓசிலதானட்டி, பாத்து வச்சுக்குவோம்" என்றாள்.

பாராசூட் மடிக்கிற கொட்டகைக்குள் நுழைந்த அன்று அவள் என் மானத்தை வாங்கிவிட்டாள். பட்டாசு அறைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும், பொறி கிளம்பாது. நைலான் துணி எங்கள் வீட்டு வாசலையே மிதித்ததில்லை. உரசினால் ஆபத்து. அங்கே நீள மேசையில் ஒரு வீட்டு அகலத்துக்கு நைலானை விரித்துப் போட்டிருந்தார்கள். சித்தி செருப்பை வாசலில் விட்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். தகடு இல்லை. கொட்டகையின் இரும்புத் தூணை உள்ளங்கையால் அழுத்தித் தொட்டுவிட்டு வந்து, "தொட்டுப் பாக்கலாமா சார்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் துணியை விரல்களுக்கு நடுவில் வைத்து ரொம்ப நேரம் விடவே இல்லை.

இன்னொரு நாள் மதியம் துண்டு எடுக்க அறைக்கு வந்தேன். சித்தி கட்டில்மேல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காலையும் சேர்த்து, தொப்பென்று கீழே குதித்து, பக்கவாட்டில் உருண்டாள். முழங்கால் மடக்கியது கச்சிதம். என்னைப் பார்த்ததும் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "தோடு திருகு விழுந்துபோச்சுட்டி, தேடுறேன்" என்றாள். காதில் தோடும் திருகும் பத்திரமாக இருந்தன. அன்று சாப்பாட்டுப் பந்தியில் இதை நான் நடித்தே காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சித்தியும் சேர்ந்து சிரித்தாள்.

எட்டாம் நாள் காலை மூன்று பேரை முதலில் மேலே கொண்டுபோனார்கள். நான் மூன்றாவதாகக் குதிக்க வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டாசு அறைகளுக்கு நாலு பக்கமும் வாசல். கதவெல்லாம் வெளியே பார்த்துத் திறக்கும். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டால் யோசிக்கக் கூடாது. பக்கத்தில் எந்த வாசலோ அதன் வழியாக வெளியே ஓட வேண்டும். சாமானை எடுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. அப்பா அதை வீட்டிலும் பழக்கிவைத்திருந்தார். நடந்துபழகின நாளிலிருந்து எனக்கு அது தெரியும். ஒருதடவை தெருமுனையில் லாரி டயர் வெடித்தபோது, குடும்பத்தோடு தெருவில் போய் நின்றோம். அம்மா கையில் கரண்டி, சித்தி தலையில் எண்ணெய், என் வாயில் பல்பசை. சிரிப்பதற்கு ஆளில்லை, ஏனென்றால் தெருவே அப்படித்தான் வெளியே வந்து நின்றது.

விமானத்துக்குப் பக்கவாட்டில் கதவே கிடையாது. திறந்த வாசல். நாங்கள் தரையில் உட்கார்ந்து இடுப்பில் பெல்ட் போட்டிருந்தோம். முறை வந்ததும் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். வாசலுக்குப் போகும் முன் நம் பாராசூட்டின் கயிற்றை மாஸ்டர் விமானத்தின் கொக்கியில் மாட்டுவார். குதித்ததும் அந்தக் கயிறுதான் பாராசூட்டை இழுத்து விரிக்கும். நாலாயிரம் அடி. கீழே சோளக்கொல்லை, குளம், சின்னச் சின்ன ஓட்டு வீடுகள். சாமி சத்தியமாக எனக்குப் பயமே இல்லை. இத்தனை நாள் மாடியில் நின்று பார்த்ததற்குள் நானே உட்கார்ந்திருக்கிறேன் என்று அழுகை வந்தது. முதல் பையன் குதித்தான். விமானி வேகத்தைக் குறைத்தார். எஞ்சின் ஒருதடவை 'டப்' என்றது.

அடுத்து நடந்தது எனக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் பெல்ட்டைக் கழற்றியிருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவனைத் தாண்டியிருக்கிறேன். திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போயிருக்கிறேன். என் வலதுகால் வெளியே காற்றில் இருந்தபோது மாஸ்டர் என் முதுகு வாரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். என் கயிறு கொக்கியில் மாட்டப்படவே இல்லை.

அதோடு சரி. விமானம் என்னோடேயே தரையிறங்கியது.

மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொட்டகையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "பயந்து கதவைப் பிடிச்சுக்கிட்டவங்களை எல்லாம் நான் குதிக்க வெச்சிருக்கேம்மா. நீ பயப்படல. நீ யோசிக்காம வெளிய போற. உன்னை என்னால அனுப்ப முடியாது" என்றார்.

"ரெண்டாவது குடை இருந்துச்சே சார்" என்றேன்.

"இருந்துச்சு. அதை இழுக்கறதுக்கு யோசிக்கணும்ல?"

பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார். நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அழாதே என்று சொல்லவில்லை. கடைசியில், "போகலாம்னுதானட்டி வந்தோம்" என்றாள். நான்தானே போக வேண்டியவள், இவளுக்கு என்ன வந்தது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று சாயங்காலம் அப்பாவிடம் போனில், "காத்து சரியில்ல அத்தான், நாளைக்குன்னு சொல்றாக" என்றாள். எனக்குத் தெரிந்து சித்தி அப்பாவிடம் சொன்ன முதல் பொய் அது.

ஒன்பதாம் நாள் அவள் மாஸ்டரைத் தேடிப் போய் என்னமோ பேசிவிட்டு வந்தாள். மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். கடைசி நாளில் அவர் ஒருவரைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பார். கட்டப்பட்டவர் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா வந்தால் போதும். அந்த ஒரு இடத்தில் என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மற்ற எட்டுப் பேரும் தனியாகக் குதித்துவிட்டார்கள். "என்னை மூட்டையாக் கட்டித் தூக்கிட்டுப் போக வேண்டாம் சார்" என்றேன்.

அப்போது சித்தி கேட்டாள். "அதுல எம்புட்டு எடை வரைக்கும் தாங்கும் சார்?"

மாஸ்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க தாராளமா வரலாம்மா. வரீங்களா?"

சித்தி என்னைத்தான் பார்த்தாள். கிழவி என்று நான் முடிவுகட்டியிருந்த அந்த முகம் அப்போது என் வகுப்புப் பிள்ளைகள் முகம்போல இருந்தது. அதைப் பார்த்தும் சொன்னேன்: "சித்தி, சும்மா இரு. ஆளுக சிரிப்பாக. உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"சும்மா கேட்டேம்ட்டி" என்று அவள் சிரித்துக்கொண்டே எழுந்து, கயிற்றில் காய்ந்த என் துணிகளை எடுக்கப் போய்விட்டாள்.

அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள என்னிடம் இருப்பதில் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன். சித்தி இப்போது காரியாபட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். போன வருடம் போயிருந்தபோது, "இப்பப் போவமா சித்தி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கேட்டேன். "ஏட்டி, போ, முட்டு வலிக்காரி நான்" என்று சொல்லிவிட்டு எனக்குக் காப்பி போட எழுந்து போனாள்.

கடைசி நாளில் மாஸ்டரோடு குதிக்கிற அந்த இடத்தில் முகாமின் சமையல்காரர் ஏறிப் போனார். ஐம்பது வயது, நல்ல தொந்தி. இறங்கி வந்தவரைச் சித்தி விடவே இல்லை. எப்படி இருந்துச்சு, என்ன தெரிஞ்சுச்சு, குளிருச்சா என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனாள். "காது அடைச்சிக்கிச்சும்மா" என்றார் அவர். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று சாம்பாரில் உப்பில்லை.

பத்தாம் நாள் மதியம் கிளம்பினோம். அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே பஸ் ஏறினேன். திண்டுக்கல் தாண்டி ஒரு ஓட்டலில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சித்தி எனக்குப் பரோட்டாவும் ஆம்லெட்டும் சொல்லிவிட்டு, தனக்கு வெறும் டீ வாங்கிக்கொண்டாள். அப்பாவின் போன் வந்தது. ஓட்டல் சத்தத்தில் காது கேட்காததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன ஆச்சு? குதிச்சாளா?" என்றார் அப்பா.

நான் வாயில் வைத்த பரோட்டாவை மெல்லாமல் இருந்தேன்.

"குதிச்சாச்சு அத்தான்" என்றாள் சித்தி.

"ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல. வாசல்கிட்ட நிக்கிறப்போ காலு ரெண்டும் வெடவெடன்னு நடுங்குச்சு. வேண்டாம்னு சொல்லிருவோமான்னு இருந்துச்சு. ஆனா சொல்லல. விட்டதும் வயிறு நெஞ்சுக்கு வந்துருச்சு. அப்புறம் ஒரு இழுப்பு. அதுக்கப்புறம் சத்தமே இல்ல அத்தான். நம்ம ஊர்ல அப்படி ஒரு அமைதியக் கேட்டதே இல்ல. கீழ யாரு நிக்கிறாகன்னு நமக்குத் தெரியல. நாம யாருன்னு அவுகளுக்கும் தெரியாது. காத்து பாட்டுக்கு நம்மளத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கு. ஒரு வேலையும் இல்ல. இறங்கவே மனசு வரல."

டீ ஆறிப்போய்விட்டது. அவள் கண் ஓட்டலுக்கு வெளியே எங்கேயோ இருந்தது. பக்கத்து மேசைக்காரர்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இம்புட்டையும் அவளா சொன்னா?" என்று அப்பா கேட்டார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஆமா அத்தான். வழி பூரா இதைத்தான் சொல்லிக்கிட்டே வாரா."

நான் வழி பூரா ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்திருந்தேன். சித்தி போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பாடா, பிழைத்தோம் என்றிருந்தது எனக்கு. என் மானத்தைக் காப்பாற்ற எனக்காக எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள்மேல் எனக்கு ரொம்பப் பிரியம் வந்துவிட்டது. நன்றியாக என் ஆம்லெட்டில் பாதியைப் பிய்த்து அவள் பக்கம் நகர்த்தினேன். அது போதும் என்றும் நினைத்தேன்.